மறுமொழி: லினக்ஸ் அட்மின் வேலையை விட்டுவிடலாமா?

உங்கள் நிறுவனம் சர்வர்களின் இரவுநேரக் கண்காணிப்பை வெளிநாட்டு டீமுக்குக் கொடுத்துவிட்டது, லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அட்மினாக ஆறு வருட அனுபவத்தோடு துறை மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம் என்பேன்.

முதலில் எந்த வேலை வெளியே போகிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டு ரீசெட், பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடுவது, பேக்கப் ஓடியதா என்று சரிபார்ப்பது. படிப்படியாக எழுதிவைக்க முடிந்த வேலையை இன்னொருவரிடம் கொடுக்கலாம், தானாக ஓடும் ஸ்கிரிப்டிடமும் (சிறு நிரல்) கொடுக்கலாம். எனக்கென்னவோ இந்த இரண்டாவதுதான் பெரிய போட்டி என்று படுகிறது. பல சர்வர்களை ஒரேயடியாக அமைக்க உதவும் அன்சிபிள் 2012இலும் டெர்ராஃபார்ம் 2014இலும் வந்தபிறகு, ஒவ்வொரு சர்வராக லாகின் செய்து திருத்துபவருக்கான தேவை குறைந்துகொண்டே வருகிறது. (அந்த வெளிநாட்டு டீமுக்கும் இதே பயம் இருக்கும், பாவம்.)

ஆனால் டேட்டாபேஸ் திடீரென்று மெதுவானால், காரணம் டிஸ்க்கா, நெட்வொர்க்கா, நேற்று யாரோ மாற்றிய டிஎன்எஸ்ஸா (பெயரை வைத்து சர்வரின் முகவரியைச் சொல்லும் அமைப்பு) என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அங்கேதான் உங்கள் ஆறு வருடம் கைகொடுக்கும். கூடவே பைத்தான் நிரல்மொழி, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட், ஏதாவது ஒரு கிளவுட் (இணையவழி வாடகை சர்வர் சேவை) கற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழ்களில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அப்புறம், வேலையைப் புது டீமுக்கு ஒப்படைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், அது முடிந்தபின் உங்கள் வேலை என்ன என்று மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அன்றே ரெஸ்யூமே அனுப்பத் தொடங்கலாம்.