வேஸ்ட் கப்ளிங் வாங்கும்போது ஸ்கேல் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் வீடு கட்டி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. குளியலறை பீங்கான் வாஷ்பேசினின் பித்தளை வேஸ்ட் கப்ளிங் (அடித்துளையில் பொருத்தும், நீர் வடியும் மரைக்குழாய்) அரித்துவிட்டது. கழற்றி மரையை அளந்தேன், 42 மி.மீ. இருந்தது. 40 மி.மீ. கப்ளிங் வாங்கினேன், துளைக்குள் நுழையவில்லை. மாற்றி வாங்கிய 32 மி.மீ. கப்ளிங் துளைக்குள் ஆடுகிறது. நட்டை எவ்வளவு முடுக்கினாலும் அடியில் சொட்டுகிறது. பேசினையே மாற்றச் சொல்கிறார் பிளம்பர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இப்போது உங்கள் கையில் இருக்கும் 32 மி.மீ. கப்ளிங்தான் சரியான அளவு. ஒன்றேகால் அங்குலம் என்று கடைக்காரர்கள் சொல்வதும் இதையே. அந்த எண் குழாயின் உள்வழியைக் குறிக்கும் பெயர் மட்டுமே. மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 42 மி.மீ. வரும். 40 மி.மீ. எனப்படும் ஒன்றரை அங்குலக் கப்ளிங்கின் மரையோ 48 மி.மீ.யை ஒட்டி இருக்கும். அது சமையலறை சிங்குக்கு உரியது. போதாக்குறைக்கு, பி.வி.சி. குழாய்க்கு வெளிவிட்டத்தையே அளவாகச் சொல்கிறார்கள் என்பதால், ஸ்கேலோடு கடைக்குப் போகிறவர் ஏமாறாமல் திரும்புவது அரிது. ஒரு காகிதப் பட்டையை மரையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்: 13 செ.மீ. சொச்சம் வந்தால் 32, 15 செ.மீ. வந்தால் 40. அதைவிட எளிது, பழைய கப்ளிங்கையே பையில் போட்டுக்கொண்டு லாங் பஜாருக்குப் போவது.

துளைக்குள் ஆடுவது குறையன்று. சூளையில் சுருங்கும் பீங்கானில் துளையைச் சற்றுத் தாராளமாகவே விடுவார்கள். கப்ளிங்கின் மேல் விளிம்பு பேசினின் பள்ளத்தில் முழுமையாக அமர்ந்தால் போதும்.

சொட்டுவதற்குக் காரணம் வேறு. மேல்விளிம்புக்குக் கீழே சிறு துளை உள்ள பேசின்களுக்குப் பக்கவாட்டில் வெட்டு உள்ள கப்ளிங்கைத்தான் போட வேண்டும். நிரம்பி வழியும் நீர் பீங்கானுக்குள் உள்ள உள்வழியில் இறங்கி அந்த வெட்டு வழியாகத்தான் வெளியேறும். கடையில் இதைப் பாதி மரை என்பார்கள். இதில் மரை மேலே வரை ஏறாது. பேசினின் அடிப்பகுதி மெல்லியதாக இருந்தால், நட் மரை முடியும் இடத்தில் முட்டி நின்றுவிடும். முடுக்கும் கைக்கு இறுகியது போலத் தோன்றினாலும் வாஷர் பீங்கானைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும். நட்டை இறுக்கிய பிறகு வாஷரை விரலால் திருப்பிப் பாருங்கள். சுழன்றால் இதுதான் கோளாறு. தடித்த ரப்பர் வாஷர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் தீர்ந்துவிடும். முழு மரைக் கப்ளிங்கை வாங்கிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் வெட்டு இல்லாததால், வழியும் நீர் பீங்கானின் உள்வழியிலேயே தேங்கி நாறும்.

வாஷர் சுழலாமலிருந்தும் சொட்டினால், நீர் மரையின் வழியாக இறங்குகிறது. வடிகிற நீர் பக்கவாட்டு வெட்டின் வழியே கப்ளிங்குக்கும் பீங்கானுக்கும் இடையிலும் புகும் என்பதால், மேலே எவ்வளவு சிலிக்கான் பூசினாலும் அடியில் கசிவு நிற்காது. பலர் தவறுவது இங்கேதான். நட் நிற்கும் இடத்து மரையில் டெஃப்லான் டேப்பை நன்றாகச் சுற்றி, வாஷரின் இரு முகங்களிலும் மெல்லிய சிலிக்கான் தடவி, வெட்டு பீங்கானின் உள்வழியைப் பார்க்கும்படி நிறுத்தி முடுக்குங்கள். கையால் இறுக்கிய பின் ரிஞ்சால் கால் சுற்றுப் போதும். அதற்கு மேல் போனால் பீங்கான் விரிசல் விடும். வெள்ளை சிமெண்ட் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது பேசின் உடைவதற்கு அதுவே காரணமாகும்.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் பீங்கானின் அடியில் வெள்ளைப் படிவு ஏறியிருக்கும். வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைத்துத் தேய்த்து எடுங்கள். படிவின் மேல் எந்த வாஷரும் ஒட்டாது.

கப்ளிங்குக்குக் கீழே மாட்டும், சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும் பாட்டில் டிராப்பும் 32 மி.மீ.யே வாங்குங்கள். சுவரில் உள்ள குழாய் 40 ஆக இருந்தால் இடைவெளிக்கு ரப்பர் வளையம் கிடைக்கிறது. சிலிக்கானை ஒரு நாள் காயவிட்டு, அடைப்பானைப் போட்டு மேல் துளை வழியே நீர் வழியும் வரை நிரப்பி, பிறகு ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். நட்டைச் சுற்றி வைத்த டிஷ்யூ காகிதம் நனையாமல் இருந்தால் வேலை முடிந்தது. நனைந்தால், பேசினின் அடிமுகத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே மயிரிழை விரிசல் தட்டுப்பட்டால் மட்டும் பிளம்பர் சொன்னதைக் கேளுங்கள்.