தலையில் அணியும் திரை விளையாட்டுக்கு மட்டும்தானா?

கேள்வி: என் மகன் வி.ஆர். (மெய்நிகர் உலகத்தைக் காட்டும்) கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு எந்நேரமும் விளையாடுகிறான். இதனால் உருப்படியான பயன் ஏதேனும் உண்டா? சற்று நேரம் அணிந்தாலே எனக்குத் தலை சுற்றுவது ஏன்?
(வாசகி, ஈரோடு)

பதில்: விளையாட்டு இதற்குப் பின்னால் வந்து சேர்ந்ததுதான். 1968-இல் அமெரிக்காவில் கணினி அறிஞர் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய கருவி, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறிய படக்குழாய்களைக் கொண்டிருந்தது. தலையின் அசைவை அளக்கும் இயந்திரக் கை கூரையிலிருந்து தொங்கியது. தெரிந்தவையோ வெறும் கோட்டுருவங்கள். 1980-களில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தார் கையடக்கத் தொலைக்காட்சிகளில் இருந்த திரவப் படிகத் திரைகளைக் கொண்டு, எடை குறைந்த கருவி ஒன்றைச் செய்தனர்.

உண்மையான பயன், நேரில் பழக முடியாத வேலைகளில்தான் இருக்கிறது. விண்வெளியில் நடக்கும் வீரர்கள் பெரிய நீர்த்தொட்டியில் மூழ்கிப் பயிற்சி பெறுகிறார்கள். ஆனால் விண்கலத்திலிருந்து தவறி விலகிவிட்டால் திரும்பி வருவதற்காக முதுகில் அணியும் ‘சேஃபர்’ என்னும் சிறு உந்துகருவியைத் தொட்டியில் ஓட்டிப் பழக இயலாது. தண்ணீரின் தடை அசைவை அடக்கிவிடும். ஆகவே அந்தப் பயிற்சி ஹூஸ்டனில் உள்ள மெய்நிகர் ஆய்வகத்தில் தலைத்திரை அணிந்தே நடைபெறுகிறது. 1993-இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவினரின் தயாரிப்பிலும் இம்முறை பயன்பட்டது. கூடத்தில் கிடக்கும் கருவியைக் குறை சொல்லுமுன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்!

தலைசுற்றலுக்கு முதற்காரணம் தாமதம். தலையை நொடிக்கு 100 பாகை வேகத்தில் திருப்பும்போது படம் 50 மில்லிநொடி பின்தங்கினால், காட்சி 5 பாகை பிசகி நிற்கும். அதாவது, நீட்டிய கையின் மூன்று விரல் அகலம். உடல் திரும்பியதை உட்காது சொல்ல, கண் மறுக்கிறது. அதனால்தான் பொறியாளர்கள் இத்தாமதத்தை 20 மில்லிநொடிக்குள் அடக்கப் பாடுபடுகிறார்கள். இப்போதைய நல்ல கருவிகளில் அது பெருமளவு கைகூடிவிட்டது. எனினும், நீங்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, விளையாட்டில் மட்டும் ஓடினால் அதே முரண் வேறு வழியில் வந்துவிடும். ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கக்கூடிய காட்சிகளை முதலில் தேர்ந்தெடுங்கள். கருவியின் இரு வில்லைகளுக்கு (லென்ஸ்) இடையிலான தூரத்தை உங்கள் கண்மணிகளுக்கு ஏற்றபடி மகனைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

சிலருக்கு இதனால் வரும் கண் வலிக்குக் காரணம் வேறு. பொருள் அருகில் இருப்பதாகத் தோன்றும்போது இரு கண்களும் உட்புறம் குவிகின்றன. ஆனால் வில்லைகள் படத்தை எப்போதும் ஒரே தொலைவில்தான் நிறுத்துவதால், கண்ணின் பார்வைக் குவியம் அங்கேயே நிற்க வேண்டியிருக்கிறது; இந்த முரணே கண்ணைக் களைக்கச் செய்கிறது. கடைகளில் கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இக்குறை இன்னும் தீரவில்லை.