நுங்கு வண்டிப் பிறந்தநாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மே மாதம் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். 4 முதல் 6 வயதுக்குள் 12 குழந்தைகள் வருவார்கள். தெர்மாகோல் அலங்காரம் எதுவும் வேண்டாம், நுங்கை வைத்தே வீட்டில் கொண்டாடலாம் என்று ஆசை. எப்படி ஏற்பாடு செய்வது?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நல்ல யோசனை, தயங்காமல் செய்யுங்கள். சுவரில் தொங்குவதை இந்த வயதுப் பிள்ளைகள் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பதோடு சரி. கையில் உருட்ட ஒன்று கிடைத்தால் விடமாட்டார்கள். அதனால் வாசலில் இரண்டு பனை ஓலையைக் கட்டிவிட்டு, மிச்ச உழைப்பையெல்லாம் நுங்கு வண்டியில் போடுங்கள்.

ஆளுக்கு ஒரு வண்டி. சக்கரமாகச் சுளை எடுத்த கூடு, வண்டிக்கு இரண்டு வீதம் 24, உடைசலுக்கு 4, ஆக 28 காய். நுங்கு விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். சுளை முழுசாக வரவேண்டும் என்று காயைப் பிளந்து தந்துவிட்டால் சக்கரம் போச்சு. தலையை மட்டும் சீவி வாங்கி வந்து, வீட்டில் ஸ்பூனால் வழித்தெடுங்கள். துவர்ப்பான தோல் கூட்டோடு நின்றுவிடும், வழித்தது அப்படியே சர்பத்துக்கு ஆகும். விழா நாள் காலையிலேயே வாங்குங்கள். முதல் நாள் வாங்கினால் சேலத்து வெயிலில் சுளை புளித்துவிடும், கூட்டில் ஈ மொய்க்கும்.

அச்சுக்கு ஒரு அடி நீளத்தில், விரல் தடிமனில் வேப்பங்குச்சி. சுளை இருந்த மூன்று கண்களுக்கும் நடுவில் பெரியவர்கள் துளை போட்டு, இரண்டு கூட்டையும் நாலு விரற்கடை இடைவெளியில் செருக வேண்டும். தள்ளுவதற்குக் கவட்டைக் குச்சி, இரண்டரை அடி. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அச்சு கூட்டில் இறுகி நிற்கவேண்டும், கவட்டையில்தான் வழுக்கிச் சுழலவேண்டும். பட்டையோடு குச்சியைப் போட்டால் கவட்டை சிக்கி, வண்டி உருளாமல் இழுபடும். பட்டையைச் சீவி, கவட்டை உட்காரும் இடத்தில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். துளை நடுவில் இல்லாவிட்டால் வண்டி நொண்டும். குச்சி முனைகளை மழுக்கித் தேய்த்துவிடுங்கள், ஓடுகிற பிள்ளைகள் விழத்தான் செய்வார்கள். நுங்குக் கறை துணியில் பட்டால் லேசில் போகாது. பழைய உடுப்பில் அனுப்பும்படி அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மாலை 5 மணிக்கு முன் ஆரம்பிக்க வேண்டாம். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், பகலில் வாங்கிய சூட்டைத் தளம் இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளித்த மண் வாசலே போதும். தெளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு சாண் தண்ணீர்கூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்து.

கேள்வி: அதே விழாவில் கேக்குக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம்?
– அதே வாசகி

பதில்: சேலத்தில் இருந்துகொண்டு தட்டுவடை செட்டை விடலாமா? இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவலும் சட்னியும் வைத்து அடுக்கினால் ஒரு செட். ஆளுக்கு இரண்டு செட், செட்டுக்கு இரண்டு தட்டுவடை, ஆக 48. நொறுங்குவதற்கும் சேர்த்து 60 வாங்குங்கள். கேரட், பீட்ரூட் தலா 300 கிராம் துருவல். உப்பை முன்கூட்டிப் போட்டால் துருவல் நீர் விட்டு வடை நமத்துவிடும், பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். பச்சைச் சட்னியில் மிளகாயை விட்டுவிட்டு மல்லி, புதினா மட்டும் அரையுங்கள். காரச் சட்னிக்குப் பதில் தக்காளியை வதக்கி, கொஞ்சம் வெல்லம் சேர்த்து அரைத்தது. அடுக்குவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள்: அடுக்கின கையோடு தின்றால்தான் மொறுமொறுப்பு. சிந்தும், சிந்தட்டும். தட்டுவடையில் வேர்க்கடலை இருக்கலாம், அது ஒவ்வாத குழந்தை உண்டா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூட வரும் தம்பி தங்கைகள் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் என்றால் தட்டுவடை வேண்டாம், இட்லி கொடுங்கள்.

குடிக்க நுங்கு சர்பத்: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒன்றரை லிட்டர், நன்னாரி சிரப் 150 மில்லி, எலுமிச்சை 3, மசித்த நுங்கு 2 கப். முழுச் சுளை தொண்டையில் வழுக்கி அடைத்துக்கொள்ளும், மசித்தே ஆகவேண்டும். ஐஸ் கட்டி கடையில் வாங்காமல், காய்ச்சிய தண்ணீரை வீட்டுப் ஃபிரிஜ்ஜில் உறையவையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வீடு. சேலத்திலிருந்து உறவுக் குழந்தைகள் எட்டுப் பேர் வருகிறார்கள். இங்கே நுங்கு கிடைப்பது சிரமம். வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், ஏற்காடு

பதில்: நுங்குக்குப் பதில் இலையை வைத்துப் படம் எடுக்கும் விளையாட்டு வையுங்கள். காபி, மிளகுக் கொடி, பலா என்று உங்கள் வேலியோரத்திலேயே இருக்கும். நரம்பு புடைத்த பக்கம் மேலே பார்க்க இலையை வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்பி வரும். தாள் தடிமனாக இருந்தாலும் இலை காய்ந்திருந்தாலும் சரியாக வராது. அரளி இலை மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது, நஞ்சு. மே மாதத்தில் பிற்பகல் மழை சட்டென்று இறங்கும், திண்ணையிலேயே இடம் போடுங்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் யோசியுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வயிற்றுக்கு உடனே பால், ஐஸ்கிரீம் ஆகாது. அரை மணி நேரம் விளையாடவிட்டு, எலுமிச்சைச் சாறு கொடுங்கள். சாப்பாடு கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடிந்துவிடட்டும், இறங்கும்போதும் அதே வளைவுகள்தான்.