மகள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

கேள்வி: அக்கா, நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமாகிச் செந்தூலுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். இப்போது எனக்கு ஆண் குழந்தை பிறந்து 40 நாள். பேரனைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 64, அம்மாவுக்கு 58. இருவரும் விமானம் ஏறியதே இல்லை, தமிழ் தவிர வேறு மொழியும் தெரியாது. டிக்கெட் போடும் ஏஜெண்ட், “மகள் வீட்டுக்கு என்று சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். டூர் வந்தோம் என்று சொல்லச் சொல்லுங்கள். ஹோட்டல் புக்கிங் ஒன்று போட்டுத் தருகிறேன், அப்புறம் கேன்சல் செய்துகொள்ளலாம்” என்கிறார். கூடவே தம்பியும் வருகிறான். வயது 26, பத்தாவது தேறவில்லை. இங்கே ஏதாவது வேலை அமைந்தால் இருக்கட்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அப்பாவும் அம்மாவும் மூன்று மாதமாவது என்னோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. திரும்புவதற்கு இன்னும் டிக்கெட் போடவில்லை. விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் என்ன சொல்லச் சொல்வது? நினைத்தாலே பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் பேரனுக்கு என் ஆசி. உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜெண்ட் சொன்னதை இன்றோடு மறந்துவிடுங்கள். பிள்ளை பெற்ற மகளைப் பார்க்கத் தாய் தகப்பன் வருவதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இங்கே வருகிறவர்களுக்குக் குடிநுழைவுத் துறை கொடுக்கும் அனுமதியின் பெயரே ‘பாஸ் லாவாத்தான் சோசியல்’, அதாவது சமூக வருகை அனுமதி. உறவினரைப் பார்க்க வருவது அதற்குள் அடக்கம். வருவதற்கு முன்னால் இணையத்தில் பதிய வேண்டிய எம்டிஏசி என்கிற வருகை அட்டையில், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே ‘நண்பர் அல்லது உறவினர் வீடு’ என்றும் இருக்கிறது. அரசாங்கமே அப்படி ஒரு பதிலை எடுத்து வைத்திருக்கும்போது நாம் எதற்குப் போய் ஹோட்டலைத் தேட வேண்டும்?

டூர் என்று சொன்னால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்த ஹோட்டல் என்று கேட்பார்கள். அப்பா அந்தப் பெயரை வாழ்க்கையில் உச்சரித்திருக்க மாட்டார். எங்கெல்லாம் சுற்றப் போகிறீர்கள்? பத்துமலை என்பார். சரி, அப்புறம்? அதற்கு மேல் அவரிடம் பதில் இருக்காது. அம்மாவின் பெட்டியில் பிரசவ லேகியமும், பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகளும், பேரனுக்கு வசம்பு வளையலும் இருக்கும். கைப்பேசியைத் திறந்தால் குழந்தையின் படம். எல்லாமே மகள் வீட்டுக்கு வந்தவர்கள் என்று சொல்லும்போது வாய் மட்டும் டூர் என்று சொன்னால், அதுவரை சந்தேகப்படாத அதிகாரிக்கும் சந்தேகம் வரும். ஒரு பொய் தெரிந்துவிட்டால் மிச்சமுள்ள உண்மையையும் நம்ப மாட்டார்கள். பயத்தில் நிற்கிற பெரியவர்களைப் பொய் சொல்ல வைப்பது பாவமும்கூட.

அடுத்தது மூன்று மாதம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம். 2026 டிசம்பர் 31 வரை இது நடைமுறையில் இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வருகைக்கு 30 நாள்தான். திரும்பும் டிக்கெட் இல்லாமல் வந்து நின்று, “எவ்ளோ நாள் இருப்பீங்க?” என்ற கேள்விக்கு அம்மா ஆசையாக “மூணு மாசம்” என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையிலேயே காரியம் கெட்டுவிடும். ஆகவே திரும்பும் டிக்கெட்டை இப்போதே, 27 அல்லது 28 நாள் கணக்கில் போட்டுவிடுங்கள். விமானம் தள்ளிப்போனாலும் இரண்டு நாள் கையில் இருக்கும். ஒரு மாதம் முடிந்ததும் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போய்த் திரும்பி வந்து இன்னொரு மாதம் இருக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த வேலை வேண்டாம். கூடுதலாகத் தங்க வழி உண்டா என்பதை, அவர்கள் புறப்படுவதற்கு முன்பே நீங்களும் கணவரும் குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். கிடைத்தால் சந்தோஷம், இல்லையென்றால் 28 நாள். கொடுத்த நாளுக்கு மேல் தங்குவது 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். அபராதம் மட்டுமல்ல, சிறை வரைக்கும் போகும். அதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதீர்கள்.

இப்போது தம்பி விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இது ஒன்றுதான். சமூக வருகை அனுமதியில் வந்தவர் இங்கே வேலை செய்யக் கூடாது. உணவுக்கடையில் தட்டு கழுவினாலும், முடிதிருத்தும் கடையில் கூட்டிப் பெருக்கினாலும் அது வேலைதான். வேலைக்கு வருபவருக்கு முதலாளி இங்கே முன்கூட்டியே அனுமதி எடுத்து, அவர் ஊரிலேயே விசா வாங்கிக்கொண்டு வர வேண்டும். ‘வந்து பார்ப்போம், அமைந்தால் இருப்போம்’ என்று வந்து மாட்டிக்கொண்ட நம் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, முதலாளியிடம் கொடுத்துவிட்டு, சம்பளமும் கேட்க முடியாமல், போலீஸைக் கண்டால் பின்வாசல் வழியாக ஓடிக்கொண்டு இருப்பார்கள். உங்கள் தம்பிக்கு அந்த வாழ்க்கை வேண்டாம், தங்கச்சி.

அவனுக்குக் கேள்விகள் திருச்சியிலேயே ஆரம்பித்துவிடும். பத்தாவது தேறாதவர்களுக்கு இந்தியாவில் ‘ஈசிஆர்’ வகைப் பாஸ்போர்ட் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு ஓர் இளைஞன் நின்றால், வேலைக்குத்தான் போகிறானோ என்று அங்கேயே துருவிக் கேட்பார்கள். 50 வயதைத் தாண்டிய உங்கள் பெற்றோருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் மனதில் வேலை ஆசை இருந்தால், அது முகத்திலும் பேச்சிலும் தெரியத்தான் செய்யும். கூட நிற்கிற அப்பா அம்மாவும் அந்தச் சந்தேகத்தில் மாட்டுவார்கள். அதனால் அவனிடம் இந்த வாரமே வெளிப்படையாகப் பேசுங்கள். அக்கா பிள்ளையைப் பார்த்துவிட்டு 28 நாளில் அப்பா அம்மாவோடு திரும்புவதாக இருந்தால் வரட்டும். வேலைதான் குறி என்றால் இந்தப் பயணம் வேண்டாம். முறையான வழியில் பிறகு பார்க்கலாம்.

சரி, இனி அப்பா அம்மாவுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று பார்ப்போம்.

என் அத்தை சுங்கை சிப்புட்காரர். தோட்டத்தில் வளர்ந்தவர், மலாய் சரளமாகப் பேசுவார், ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. வெளிநாட்டில் இருந்த மகனைப் பார்க்கத் தனியாகப் போனார். எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். அங்கே அதிகாரி “வொர்க்?” என்று கேட்டிருக்கிறார். மகனுடைய வேலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அத்தை சிரித்த முகமாக “யெஸ், யெஸ், வொர்க்” என்றார். கேட்டதற்கெல்லாம் யெஸ் சொன்னால் மரியாதை என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஒரு தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று பிறகு சொன்னார். மகனுடைய தொலைபேசி எண் அவர் கைப்பேசியில்தான் இருந்தது, அதில் சார்ஜ் இல்லை. கடைசியில் கைப்பையின் அடியில் கிடந்த ஒரு பழைய கடித உறையில் மகனுடைய முகவரியும் எண்ணும் இருந்தது. அதை வைத்து அவனைக் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் விட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பயணம் போனாலும் கையில் ஒரு தாள் இருக்கும். நீங்களும் ஒன்று தயார் செய்யுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில். ‘இவர்கள் என் பெற்றோர். பிறந்த பேரனைப் பார்க்க வருகிறார்கள். இன்ன தேதியில் வந்து இன்ன தேதியில் இந்த விமானத்தில் திரும்புகிறார்கள். என் வீட்டில்தான் தங்குகிறார்கள், செலவு எங்களுடையது. இவர்களுக்குத் தமிழ் மட்டுமே தெரியும்.’ இவ்வளவு போதும். கீழே வீட்டு முகவரி, உங்கள் எண், கணவர் எண். கூடவே கணவருடைய ஐசி (அடையாள அட்டை) நகல், உங்கள் கடப்பிதழ் மற்றும் அனுமதியின் நகல், குழந்தையின் பிறப்புப் பத்திரம் நகல், திரும்பும் டிக்கெட். எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரே பிளாஸ்டிக் கோப்பில் போட்டு அப்பா கையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். செலவு உங்களுடையது என்று எழுதியிருந்தாலும் கொஞ்சம் மலேசிய வெள்ளி (ரிங்கிட்) மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெறும் கையோடு வரக் கூடாது. இரண்டு பேருடைய கடப்பிதழும் வருகிற தேதியிலிருந்து ஆறு மாதத்துக்காவது செல்லுமா என்றும் இன்றே பார்த்துவிடுங்கள்.

எம்டிஏசி அட்டையை நீங்களே செந்தூலில் இருந்தபடி பதிந்துவிடலாம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் பதிய வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் இதற்குக் காசு கிடையாது, காசு கேட்டால் நீங்கள் வேறு எங்கோ போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பெயரைக் கடப்பிதழில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து போடுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் அப்பா பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்பதில்தான் குழப்பம் வரும்.

அப்புறம், ஒத்திகை. பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மனப்பாடம் செய்தவருக்குக் கேள்வி வரிசை மாறினால் எல்லாம் மறந்துவிடும். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, நீங்கள் அதிகாரி மாதிரி முன்னும் பின்னுமாகக் கேளுங்கள். ஏன் வந்தீர்கள், யார் வீடு, எத்தனை நாள், எப்போது திரும்புகிறீர்கள். அப்பாவிடம் தனியாக, அம்மாவிடம் தனியாக. அப்பா “இருபத்தெட்டு நாள்” என்றும், அம்மா “அவ அனுப்புற வரைக்கும்” என்றும் சொன்னால், அதைத்தான் திருத்த வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில். புரியவில்லை என்றால் ‘தமிழ், தமிழ்’ என்று சொல்லித் தாளை நீட்டட்டும். புரியாமல் யெஸ் சொல்லவே கூடாது. தமிழ் தெரிந்தவர் அங்கே இருந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான்கைந்து மலாய்ச் சொற்கள் காதில் விழுந்திருந்தால் நல்லது. ‘பெராப்பா ஹாரி’ என்றால் எத்தனை நாள். ‘திங்கல் டி மானா’ என்றால் எங்கே தங்குகிறீர்கள். ‘கெர்ஜா’ என்று காதில் விழுந்தால் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள், அதற்கு ‘நோ’.

இந்த ‘வேலை’ என்ற சொல்லில் அம்மாவுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். “பச்ச உடம்புக்காரி, வீட்டு வேலையெல்லாம் நான் பாத்துக்குவேன்” என்று நம் அம்மாக்கள் பாசத்தில் சொல்வார்கள். நமக்கு அது பாசம். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவர் காதில் அது வீட்டு வேலைக்கு வந்தவர் சொல்வதாக விழும். “பேரனப் பாக்க வந்தேன்” என்று சொன்னால் போதும், அது முழு உண்மைதானே.

தலையாட்டுவதையும் சொல்லி வையுங்கள். நம்மூர்ப் பெரியவர்கள் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள். பார்ப்பவருக்கு அது ‘இல்லை’ மாதிரியும் தெரியும், ‘தெரியாது’ மாதிரியும் தெரியும். வாயைத் திறந்து ‘யெஸ்’ அல்லது ‘நோ’ சொல்லப் பழக்குங்கள். இரண்டு ஆட்காட்டி விரல்களையும் ஒரு கருவியில் வைக்கச் சொல்வார்கள். உங்கள் அப்பா மண்வெட்டி பிடித்தவராக இருந்தால், விரல் ரேகை தேய்ந்து, கருவி உடனே ஏற்காமல் போகலாம். கையை வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்தி வைக்கட்டும், இரண்டு மூன்று தடவை ஆனாலும் பதற வேண்டாம். இருவரும் ஒரே வரிசையில் ஒன்றாக நிற்கட்டும். ஓரமாக உட்காரச் சொன்னால் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்து அழ வேண்டாம். பல நேரம் மகளுக்குப் போன் போட்டுக் கேட்பதற்காகத்தான் உட்கார வைக்கிறார்கள்.

செடி, விதை, இறைச்சி, கருவாடு எதுவும் கட்டி அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கருவாட்டைச் செந்தூல் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொண்டு வரட்டும்.

அவர்கள் வந்து இறங்கும் அன்றைக்கு உங்கள் கணவர் சிப்பாங் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடட்டும். இருவர் கைப்பேசியிலும் முழுச் சார்ஜ் இருக்க வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கட்டாயம் எடுங்கள். நீங்கள் குழந்தையோடு வீட்டிலேயே இருங்கள். அழைப்பு வந்தால் அப்பா அம்மா பெயர், திரும்பும் தேதி, வீட்டு முகவரி மூன்றையும் தடுமாறாமல் சொல்வதற்கு, அந்தத் தாளின் இன்னொரு நகலைத் தொட்டில் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.