ஒரே ஆள், மூன்று கணக்கு

கேள்வி: பரந்தனில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறோம். கடன் கொப்பியை விட்டுப் போன வருடம் கணினிக்கு மாறினோம். இப்போது ஒரே ஆளின் பெயர் இரண்டு மூன்று இடத்தில் கிடக்கிறது. கடன் ஒரு கணக்கில், கட்டிய காசு இன்னொன்றில். கட்டி முடித்தவரிடமே திரும்பக் கேட்டு வெட்கப்பட்டுப் போனோம். இனி இப்படி வராமல் என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பரந்தன்

பதில்: தங்கச்சி, நீங்கள் பெயரை வைத்துத்தான் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் அது சரிவராது. ராஜேந்திரன், இராசேந்திரன், றாஜேந்திரன் எல்லாம் ஒரே ஆளாக இருக்கும். கணினிக்கு மூன்று பேர். விலாசத்தையும் நம்ப முடியாது. எத்தனை தரம் இடம்பெயர்ந்து வந்த சனம்! அட்டையில் ஒரு ஊர், இருப்பது வேறு ஊர்.

போன் நம்பரைப் பிடியுங்கள். அதையும் ஒருவர் 077 என்று தொடங்குவார், இன்னொருவர் +94 போடுவார். எக்செலில் அடித்தால் முன்னால் உள்ள 0 காணாமல் போய்விடும். அந்த நிரலை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இடைவெளி, கோடு எதுவும் இல்லாமல் 0 உடன் 10 இலக்கம் என்று ஒரே முறையில் எழுதுங்கள். தேடும்போது கடைசி 9 இலக்கத்தை மட்டும் அடியுங்கள். இடைவெளி, கோடு இல்லாவிட்டால், 0 போட்டிருந்தாலும் +94 போட்டிருந்தாலும் அகப்படும். புதுக் கணக்குத் திறக்க முன்னம் இந்தத் தேடல் கட்டாயம், கடையில் எவ்வளவு சனம் நின்றாலும்.

ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரே போன் இருக்கும். தாயும் மகனும் அதே நம்பரைத் தருவார்கள். ஆகவே நம்பர் ஒத்துப்போனால் மென்பொருள் எச்சரித்தால் போதும், தடுக்க வேண்டாம். தடுக்க வேண்டியது அடையாள அட்டை இலக்கம் இரண்டாம் தரம் வரும்போது. கடனுக்குச் சாமான் எடுப்பவர்களிடம் மட்டும் அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டையும் காட்டக்கூடும். பழையதைப் புதியதாக்க முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தில் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிடுங்கள். எல்லாரையும் 12 இலக்கத்திலேயே பதியுங்கள்.

ஏற்கெனவே இரட்டித்துக் கிடப்பவற்றில் மிகக் கவனம். முன்பு நான் கணக்குப் பார்த்த ஒரு களஞ்சியத்தில், பெயரும் ஊரும் ஒன்று என்று இரண்டு கணக்கைச் சேர்த்து ஒன்றை அழித்துவிட்டேன். சில நாளில் ஒரு அம்மா வந்தார். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் விரித்தார். அவர் ஒரு சதமும் பாக்கி வைக்கவில்லை. இன்னொருவர் எடுத்த உரக் காசு அவர் தலையில் ஏறியிருந்தது. அழித்ததை மீட்க வழியில்லாமல், பழைய பில் கட்டுகளை அவிழ்த்துப் பிரிக்க இரண்டு நாள் போனது. அந்த அம்மாவின் முகம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒருவருக்கு இரண்டு கணக்கு இருப்பதைவிட, இரண்டு பேரை ஒருவராக்குவதுதான் பெரிய அநியாயம்.

அதனால் முதலில் முழுத் தரவுக்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஆளிடமே கேட்டு உறுதிப்படுத்திய பிறகு பில்களை ஒரு கணக்குக்கு மாற்றுங்கள். மற்றதை அழிக்காமல் 'மூடியது' என்று குறித்து, எந்தக் கணக்கோடு சேர்த்தீர்கள் என்றும் எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. காலபோக வயல் வேலைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களிடம், பில் போட முன்னம் ஒவ்வொருவராகச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.