கேமராவோடு ஓடினால் போதுமா?

கேள்வி: நார்வே ஒளிப்பதிவாளர் ஸ்டுர்லா பிராண்ட் க்ரோவ்லெனை 'விக்டோரியா' படத்துக்காக ஆளாளுக்குக் கொண்டாடுகிறார்கள். இரண்டே கால் மணி நேரம், படம் முழுக்க ஒரே ஷாட்டாக, வெட்டே இல்லாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார், சரி. தெம்புள்ளவர் யாரும் செய்யக்கூடியதுதானே? இதில் கலை எங்கே?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: தெம்புக்குத்தான் பரிசு என்றால் 2015 பெர்லின் திரைப்பட விழாவில் இவருக்குக் கொடுத்த வெள்ளிக் கரடி விருதைப் பளு தூக்கும் வீரர் யாருக்காவது கொடுத்திருப்பார்கள்.

2014 ஏப்ரல் 27, விடியற்காலை நாலரை மணி. பெர்லினில் ஒரு நிலவறை நடன விடுதியில் ஓடத் தொடங்கிய கேமரா, தெரு, மொட்டைமாடி, கார், வங்கிக் கொள்ளை என்று சுற்றிவிட்டு நன்றாக விடிந்த பிறகுதான் நின்றது. திரைக்கதை வெறும் 12 பக்கம். வசனத்தை நடிகர்கள் அந்தந்த நேரத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்து யார் வாய் திறப்பார் என்பதே தெரியாதபோது கேமராவை யார் பக்கம் திருப்புவீர்கள்? எப்போது நெருங்குவீர்கள், எப்போது நாலடி தள்ளி நிற்பீர்கள்? படத்தொகுப்பாளர் மேஜையில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, மாதக்கணக்கில் யோசிக்கிற சங்கதி இது. க்ரோவ்லென் அதை நடந்துகொண்டே, மாடிப்படி ஏறிக்கொண்டே செய்தார். அதுவும் மூன்றாவது முயற்சியில் எடுத்ததுதான் படமாக வந்தது. கடைசியில் பெயர்கள் வரும்போது இயக்குநர் செபாஸ்டியன் ஷிப்பர், தன் பெயருக்கு முன்னால் இவர் பெயரைப் போட்டார். இயக்குநர்கள் லேசில் செய்கிற காரியமா அது?

அப்புறம், நீங்கள் இவரை ஓட்டக்காரர் என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். அதே 2015இல் வந்த ஐஸ்லாந்துப் படம் 'ராம்ஸ்' பார்த்தீர்களா? நாற்பது வருடமாக முகங்கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பி, பக்கத்துப் பக்கத்து ஆட்டுப்பண்ணை, மந்தைக்கு வந்த கொள்ளைநோய். அங்கே கேமரா கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்க்கிறது. பனிவெளியில் மனிதன் ஒரு புள்ளி. அதுவும் க்ரோவ்லென்தான்.

2021இல் ஆஸ்கர் வாங்கிய டென்மார்க் படம் 'அனதர் ரவுண்ட்'டும் இவர் கேமராதான். ஆனால் எனக்குப் பிடித்தது அவருடைய சொந்த நாடான நார்வேயின் படம் 'தி இன்னொசன்ட்ஸ்'. பிள்ளைகளின் கொடூரத்தைச் சொல்லும் திகில் படம். இருட்டறை, மின்னும் விளக்கு எல்லாம் தேடாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு, கோடை விடுமுறை, பட்டப்பகல் வெயில். மணலில் விளையாடும் குழந்தையைப் பார்த்தே வயிறு கலங்கும்.