பழைய போர் விமானங்களைச் சிங்கப்பூர் ஏன் விற்றுக் காசாக்குவதில்லை?

நினைத்தவுடன் விற்க முடியாது. அமெரிக்காவிடம் வாங்கிய போர் விமானத்தை இன்னொரு நாட்டுக்குக் கைமாற்ற அமெரிக்காவின் ஒப்புதல் வேண்டும். தவிர, நம் ஆகாயப்படை எதையும் எளிதில் கழித்துவிடுவதில்லை. அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய ஸ்கைஹாக் விமானங்களை 1970களில் வாங்கி, பிறகு புது எஞ்சின் பொருத்தி, 2012 வரை பயிற்சிக்கு ஓட்டினார்கள். ஆகாயப்படை அரும்பொருளகத்தில் ஸ்கைஹாக் ஒன்றின் அருகே நின்று பாருங்கள். விமானந்தாங்கிக் கப்பலில் மடிக்காமலே அடங்கும் அளவுக்குச் சின்ன இறக்கை!

பணத்தைவிட நமக்கு அரியது பயிற்சிக்கான வான்வெளி. அதனால்தான் 7 பழைய எஃப்-16 விமானங்களைத் தாய்லாந்துக்குக் கொடுத்து, அங்குள்ள உடோன் விமானத் தளத்தில் பயிற்சி செய்யும் வாய்ப்பைப் பெற்றார்கள். விற்றிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். மீதமுள்ள எஃப்-16கள் 2030களின் நடுவிலிருந்து ஓய்வுபெறும். புதிதாக 20 எஃப்-35 விமானங்கள் வாங்கப்படுகின்றன.